வெற்றுக் கட்டப் பிரதி

பின்கள் துருப்பிடிக்கவில்லை.

எலியேசர் முதலில் கவனித்தது அதைத்தான். பதினோரு வருடத்துக்கு முந்தைய காமிக்ஸ் புத்தகம் அது. அந்த வயதுள்ள எதைப் பிரித்தாலும் நடுப்பக்கத்தில் அடித்திருக்கும் இரண்டு பின்னும் துருவேறி, சுற்றிலும் தாள் பழுத்துப் போயிருக்கும். அவனிடம் இருந்த ஆயிரத்து இருநூறு புத்தகங்களும் அப்படித்தான். இதிலோ இரண்டு பின்னும் நேற்று அடித்தவை போல மின்னின. 1995 நவம்பர், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ராஜபாளையத்தில் நான்கு நாளாக விடாத மழை. சஞ்சீவி மலை மேகத்துக்குள் போய்விட்டிருந்தது. முன்னறை ஜன்னல் வழியாக நனைந்த பஞ்சின் வாடையும் சாக்கடை வாடையும் மாறி மாறி வந்தன. பின் தெருவில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிகள் ஞாயிறென்றும் பாராமல் தடதடத்துக்கொண்டிருந்தன. அந்தச் சத்தம் சுவர் வழியாக இறங்கி, அவன் உட்கார்ந்திருந்த நாற்காலியின் கால்களில் லேசாக அதிர்ந்தது.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். ஆறு கட்டங்கள். ஓரக் கோடுகள் மட்டும், உள்ளே எதுவும் இல்லை. இந்த வெறுமைக்காகத்தான் ஆறு வருடம் அலைந்திருந்தான். முதல் கட்டத்தின் கோட்டைக் கட்டைவிரலால் மெல்லத் தடவினான்.

விரலில் கறுப்பு ஒட்டியது.

முகர்ந்து பார்த்தான். மண்ணெண்ணெயும் பிசினும் கலந்த வாசனை. ஒருமுறை சிவகாசியில் ஒரு அச்சகத்துக்குள் போனபோது வந்த அதே வாசனை. பழைய தாளின் புளிப்பு மருந்துக்குக்கூட இல்லை.

எலியேசருக்கு முப்பத்தெட்டு வயது. ஒரு நூல் மில்லில் ஸ்டோர் கீப்பர். பேரிங் எது, பெல்ட் எது, எந்த அலமாரியில் எந்த எண் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வான். அதே கறாரை வீட்டில் காமிக்ஸ் புத்தகங்களிடம் காட்டினான். தென்மாவட்டங்களில் அவனைப் போலச் சேகரிப்பவர்கள் நாற்பது பேர் இருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களுக்குள் சுற்றும் விலைப்பட்டியலைத் தயாரிப்பதே அவன்தான். டைப் அடித்து, சைக்ளோஸ்டைல் பிரதி எடுத்து, தபாலில் அனுப்புவான். அட்டை கிழிந்திருந்தால் பாதி விலை. வாடகை நூலக முத்திரை விழுந்திருந்தால் கால் விலை. அவன் எழுதுவதுதான் விலை.

நீலக்கழுகு காமிக்ஸ் 1984 தீபாவளிக்கு வெளியிட்ட 'உப்பு மாளிகை' அந்தப் பட்டியலில் மூன்று வரிகளை எடுத்துக்கொண்டது. சிவப்பு வானம் போட்ட அட்டை: நாற்பது ரூபாய். சிவப்பு மை தீர்ந்து அச்சு பாதியில் நிற்க, கடைசி ஐந்நூறு பிரதிகளுக்கு ஊதா வானம் போட்டார்கள். அதற்கு நானூறு. மூன்றாவது வரி, கடைசிப் பக்கத்தில் படங்கள் விழாமல் வெறும் கட்டங்களோடு வந்த பிரதி. 'ஒன்றே ஒன்று. வேங்கடேசன், ஸ்ரீவில்லிபுத்தூர். விற்பனைக்கு இல்லை.' விலை எழுதும் இடத்தில் எலியேசர் ஒரு கோடு மட்டும் போட்டு வைத்திருந்தான்.

போன வருடம் வேங்கடேசன் இறந்துபோனார். செய்தி கேட்ட வாரமே எலியேசர் அவர் மனைவிக்குக் கடிதம் எழுதினான். பதில் இல்லை. இன்னும் இரண்டு எழுதினான். நான்காவது கடிதத்துக்கு ஒரு கார்டு வந்தது. 'பக்கம் வெறுசாகத்தான் இருக்கிறது. வந்து வாங்கிக்கொள்ளவும். கோதைநாயகி.'

நேற்று சனிக்கிழமை மூவாயிரம் ரூபாயைப் பனியனுக்குள் வைத்துக்கொண்டு போனான். கோயிலுக்குப் பின்பக்கத் தெருவில், பூக்கட்டிக் கொடுக்கும் குடும்பங்கள் நாலைந்து இருந்த வரிசையில் கடைசி வீடு. வாசலில் துளசிக் கட்டுகள் பிரிக்காமலேயே கிடந்து கறுத்திருந்தன. ஐம்பத்தைந்து வயதிருக்கும் அந்த அம்மாளுக்கு. புத்தகத்தை ஒரு வாழை நாரால் கட்டி ஜன்னல் மேடையில் தயாராக வைத்திருந்தாள்.

"எம்புட்டுங்கம்மா எதிர்பாக்கீங்க?" என்று கேட்டான் எலியேசர்.

"அட்டையில என்ன போட்டிருக்கு?"

"அது அந்தக் காலத்து வெலம்மா. ரெண்டு ரூவா."

"அதக் குடுங்க போதும்."

அவன் சிரித்துப் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை நீட்டியபோது கையில் வாங்காமல் மேடையைக் காட்டினாள். வைத்தான். பஸ்ஸில் திரும்பும்போது பனியனுக்குள் மூவாயிரம் அப்படியே உறுத்தியது. கொஞ்சம் வெட்கமாக இருந்தது. சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

இப்போது விரலில் மை.

வேட்டியில் துடைத்துக்கொண்டு மறுபடி பக்கத்தைப் பார்த்தான். முதல் கட்டத்துக்குள் மங்கலாக ஏதோ தெரிந்தது. பின்பக்கத்துப் படம் ஊறித் தெரிகிறதோ என்று திருப்பிப் பார்த்தான். பின்பக்கம் ஒரு தைல விளம்பரம். இது அதில்லை. சரிந்த கோடுகள், ஒரு கம்பம், ஒரு ஓட்டுக்கூரை. மழை வெளிச்சம் குறையக் குறைய அந்தக் கோடுகள் கறுத்துக்கொண்டு வந்தன. ஐந்து மணிவாக்கில் அவனுக்குத் தெரிந்துவிட்டது. சரிந்த கோடுகள் மழை. கம்பம், வாசலுக்கு நேரே நிற்கும் மின்கம்பம். கூரை, எதிர்வீட்டுக் கூரை. அவன் உட்கார்ந்திருக்கும் நாற்காலியிலிருந்து ஜன்னல் வழியாகப் பார்த்தால் தெரியும் தெரு.

அவனுக்கு முதலில் வந்த பயம் வேறு. ஒரு கட்டம் நிறைந்துவிட்டது. நிறைந்தால் இது வெற்றுக் கட்டப் பிரதி இல்லையே, பிறகு இதற்கு என்ன விலை. அதைத்தான் நினைத்தான்.

அப்போது கரண்ட் போனது. பின் தெருத் தறிகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்து நின்றன. மழைச் சத்தம் மட்டும் மிஞ்சியிருக்க வேண்டும். மிஞ்சவில்லை. டக், என்று ஒன்று. ஒரு இழுப்பு, சர்ரென்று. மறுபடி டக். காலால் மிதித்து ஓட்டும் அச்சு இயந்திரம் ஒவ்வொரு தாளாக வாங்கி, அழுத்தி, வெளியே தள்ளும் சத்தம். தூரத்தில் இல்லை. தெருவிலும் இல்லை. அவன் புத்தகத்தை மூடினான். நின்றது.

"என்னங்க, யார்கிட்ட பேசுதீய?" என்று கேட்டபடி ஜெயபாய் மெழுகுவர்த்தியோடு வந்தாள்.

"ஒண்ணுமில்ல."

அவள் அவன் மனைவி. மிஷன் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். சபைப் பாடகர் குழுவில் அவள் குரல்தான் முதலில் எழும், மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு வருவார்கள். பிள்ளை இல்லாத பன்னிரண்டு வருடத்தில் வீடு வெறிச்சென்று தோன்றாமல் இருந்ததற்கு அந்தக் குரல்தான் காரணம். பாத்திரம் கழுவும்போதும் துணி மடிக்கும்போதும் மெட்டு ஒன்று ஓடிக்கொண்டே இருக்கும். அவன் அதைத் தனியாகக் கேட்டதே இல்லை. ஃபேன் சத்தத்தைப் போல அது எப்போதும் இருந்தது.

திங்கட்கிழமை காலையில் மில்லுக்குப் புறப்படும் முன் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று புத்தகத்தைப் பிரித்தான். தெரு இன்னும் கறுத்திருந்தது. இரண்டாம் கட்டம் காலி. ஜெயபாய் டம்ளரோடு வாசற்படியில் வந்து நின்றாள்.

"காப்பி ஆறுது."

"இந்தா வாரேன், செத்த நேரம்."

டக். சர்ர். டக். தறிகள் ஓடிக்கொண்டிருந்ததால் அவன் முதலில் அதைப் பிரித்தறியவில்லை. தலையைத் தூக்கினபோது ஜெயபாய் இன்னும் அங்கேயே நின்றாள். வாய் அசைந்தது. ஏதோ கேட்டாள். சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமினாள், அதுவும் கேட்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டுக் கழுத்தைப் பிடித்துக்கொண்டு, அவனைப் பார்த்து வெட்கப்பட்டவள் போலச் சிரித்தாள்.

இரண்டாம் கட்டத்தில் வாசற்படி. புடவைத் தலைப்பு. டம்ளர் பிடித்த கை. மேலே, காமிக்ஸில் பேச்சை எழுதும் அந்த முட்டை வடிவக் கூட்டுக்குள், அச்செழுத்தில் இரண்டு வார்த்தைகள்.

காப்பி ஆறுது.

டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். "தொண்டையில ஒண்ணும் தெரியலியே. டீச்சர்மாருக்கு வாரதுதான். கத்திக் கத்திப் பாடம் எடுப்பாவ, மழை வேற. ஒரு வாரம் வாயத் தொறக்காம இருக்கச் சொல்லுங்க." வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கச் சொன்னார். மாத்திரை எழுதினார். வீட்டுக்கு வந்ததும் ஜெயபாய் பள்ளிக்கூடச் சிலேட்டை எடுத்து, குண்டு குண்டான டீச்சர் எழுத்தில் எழுதிக் காட்டினாள். 'இனி வீட்டில் நிம்மதிதான் உங்களுக்கு.'

அவன் புத்தகத்தைத் தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினான். பெட்டியைப் பரணில் ஏற்றினான். செவ்வாய்க்கிழமை வீட்டில் எந்தச் சத்தமும் இல்லை. பாத்திரம் பாத்திரத்தோடு உரசும் ஒலி, தண்ணீர் சொட்டும் ஒலி, தறிகள். மெட்டு இல்லாமல் அந்த ஒலிகள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல் தனித்தனியாகக் கேட்டன. பரண் மேலிருந்து மை வாசனை இறங்கி வந்தது. சாப்பிடும்போது சோற்றிலும் இருந்தது.

புதன்கிழமை காலையில் ஜெயபாய் கண்ணாடி முன்னால் வெகு நேரம் நின்றாள். பிறகு சிலேட்டை நீட்டினாள். 'உதடு மரத்துப்போகுது.' எலியேசர் அவள் முகவாயைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பினான். உதட்டின் நிறம் போயிருந்தது. மேலுதட்டுக்கு மேலிருந்த சிறிய மச்சத்தைத் தேடினான். இல்லை.

பெட்டியை இறக்கினான். மூன்றாம் கட்டத்தில் பென்சிலால் போட்டது போல லேசான கோட்டில் ஒரு வாய். வாய் மட்டும். சற்றே திறந்த உதடுகள். மேலே, மச்சம். அது மட்டும் மையில், அழுத்தமாக.

வியாழக்கிழமை காலை முதல் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனான். புத்தகத்தைப் பாலிதீன் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருந்தான். கோதைநாயகி வீட்டில்தான் இருந்தாள். முற்றத்தில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முறத்தில் எதுவும் இல்லை. அவனைக் கண்டதும் அவள் ஆச்சரியப்படவில்லை.

"யாரு வீட்ல? சம்சாரமா, பிள்ளையா?" என்று கேட்டாள்.

அவன் படியில் உட்கார்ந்தான். "சம்சாரம்."

"எங்க வரைக்கும் வந்திருக்கு?"

"வாய்."

அவள் தலையாட்டினாள். முறத்தைத் தள்ளி வைத்தாள். "அவிய இருக்க வரைக்கும் இந்தப் புஸ்தகம் வச்ச பெட்டிய ஒருத்தரயும் தொட விடல. எதுக்குன்னு சொல்லவும் இல்ல. நீங்க காயிதம் போட்டீய. கடைசிப் பக்கம் வெறுசா இருக்கா, பாத்துச் சொல்லுங்கம்மான்னு எழுதியிருந்தீய. எம்மக வஞ்சுளவல்லிதான் படிச்சுச் சொன்னா. பெரிய வெலைக்குப் போகும் போலம்மா, பாரேன்னா. நான்தான் பெட்டியத் தொறந்து பிரிச்சேன். அவ எதுத்தாப்புல உக்காந்து பூக்கட்டிக்கிட்டிருந்தா."

மழை முற்றத்தில் விழுந்தது.

"நாப்பது நாள் இருந்தா," என்றாள் கோதைநாயகி.

"எரிச்சிருக்கலாமில்லம்மா. கிழிச்சுப் போட்டிருக்கலாமில்ல."

"எப்படி எரிக்க? எம்பிள்ள மொகம் அதுலதான இருந்துச்சு. இங்க ஒண்ணுமில்ல, அங்கதான் இருந்துச்சு. அவ போன பொறவும் தெனமும் எடுத்துப் பாப்பேன். பேசுத மாதிரியே இருக்கும். ஒருநா காலையில பிரிச்சா பக்கம் வெறுசா கெடக்கு. ஒரு கோடு இல்ல. அதுக்குப் பொறவு அது எதுக்கு எனக்கு."

"தெரிஞ்சே எங்கிட்ட குடுத்திருக்கீங்களேம்மா."

அவள் அவனை முதன்முறையாக நேராகப் பார்த்தாள். கோபம் இருந்தால்கூட அவனால் தாங்கியிருக்க முடியும். அது இல்லை.

"நாலு காயிதத்துலயும் நீங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான் தம்பி. வீட்ல எல்லாரும் எப்படி இருக்கீயன்னு ஒரு வரி கெடையாது. பக்கம் வெறுசா இருக்கா, வெறுசா இருக்கான்னு. வெறுசா இருக்குன்னு எழுதினேன்."

"ரெண்டு ரூவா போதும்னீங்களே, அது எதுக்கு?"

"அதுக்கு மேல ஒரு பைசா வாங்கினாலும் எம்பிள்ளைய வித்த காசாயிரும்."

அந்த நாணயங்கள் இரண்டும் ஜன்னல் மேடையில் அவன் வைத்த இடத்திலேயே இருந்தன.

"இத நிறுத்த ஒரு வழி சொல்லுங்கம்மா."

"தெரிஞ்சிருந்தா எம்மக இருப்பாளே," என்றாள் கோதைநாயகி. முறத்தை மறுபடி மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள்.

வீடு திரும்பும்போது வாசலில் ஒரு சைக்கிள் நின்றது. முன்னறையில் பேச்சிமுத்து. செட்டியார்பட்டிக்காரன், மளிகைக் கடை வைத்திருக்கிறான், எலியேசரின் பட்டியலை வரி விடாமல் படிப்பவன். சமையலறைக் கதவு சாத்தியிருந்தது.

"உள்ள மதினி இருக்காவ போல, கதவத் தொறந்துட்டு உடனே உள்ள போயிட்டாவ. மேலுக்கு முடியலியாண்ணே? மூஞ்சில துணி கட்டியிருந்தாவ." பதிலுக்குக் காத்திராமல் குரலைத் தாழ்த்தினான். "புஸ்தகம் கெடச்சிட்டாமே. ஒரே ஒரு தடவ காட்டுங்கண்ணே."

எலியேசர் பையைப் பிரித்தான். ஏன் காட்டினான் என்று அவனுக்கே தெரியவில்லை. வேறொருவன் கண்ணில் அது என்னவாகத் தெரியும் என்று பார்த்துவிட நினைத்திருக்கலாம். பேச்சிமுத்து கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு, வேதப் புத்தகத்தை வாங்குவது போல வாங்கி, கடைசிப் பக்கத்தைத் திருப்பினான். வெகு நேரம் பார்த்தான்.

"என்னா சுத்தம். ஆறும் வெறுசு. ஒரு புள்ளி கூட இல்ல."

எலியேசர் அவன் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். தெரு. டம்ளர். மச்சமுள்ள வாய், இப்போது முழுக்க மையில், பளபளவென்று ஈரமாக. நான்காம் கட்டத்தில் இரண்டு பென்சில் வளைவுகள்.

"ஐயாயிரம் தாரேன்ணே. நாளைக்கே தாரேன். கடைய அடமானம் வச்சாவது தாரேன். பெரிய பாப்பாவுக்குத்தான் இதெல்லாம் சேத்து வைக்கேன், அவதான் எங்கூட உக்காந்து படிப்பா."

ஐயாயிரம். அவன் பட்டியலில் கோடு மட்டும் போட்டு விட்டிருந்த இடத்துக்கு ஒரு எண். கொடுத்துவிட்டால் வீட்டை விட்டுப் போய்விடும். அந்த வாயும் போய்விடும். பேச்சிமுத்துவின் மகளுக்கு ஏழு வயது. காதில் பெரிய ஜிமிக்கி போட்டு, அப்பாவின் சைக்கிள் பார் கம்பியில் உட்கார்ந்து வருவாள்.

"விக்கதுக்கு இல்ல."

"ஆறாயிரம்."

"போயிருடே பேச்சிமுத்து. தயவுசெஞ்சு போயிரு."

பேச்சிமுத்து முகம் சுண்டி எழுந்தான். "ஒண்ணே ஒண்ணு இருக்கதுனாலதான இந்தக் கெராக்கி," என்று முனகிக்கொண்டே சைக்கிளை எடுத்தான்.

சமையலறைக் கதவைத் திறந்தபோது ஜெயபாய் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள். மெல்லத் துணியை அவிழ்த்தாள். மூக்குக்குக் கீழே முகவாய் வரை வழவழப்பாக இருந்தது. தழும்பு இல்லை, சுருக்கம் இல்லை. கண்களில் மட்டும் அத்தனையும் இருந்தது. அவன் அவளைப் பிடித்துக்கொண்டான். அவள் அழுதாள் என்பது தோள் குலுங்குவதில் தெரிந்தது. சிலேட்டில் எழுதினாள். 'யாரும் பார்க்க வேண்டாம். டாக்டரும் வேண்டாம்.' அதை அழித்துவிட்டு மறுபடி எழுதினாள். 'ஏன் என்று உங்களுக்குத் தெரியுமா?'

தெரியாது என்று தலையசைத்தான்.

அன்று இரவு தூங்கவில்லை. பன்னிரண்டு வருடமாக அவன் சரியாகப் பார்க்காத அந்தக் கண்களை, மெழுகுவர்த்தியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தான். அவளும் மூடவில்லை. மூடினால் போய்விடும் என்று அவளுக்கும் தோன்றியிருக்க வேண்டும். மழை. சொட்டு. பிறகு அந்தச் சத்தம். டக். அவன் அவள் காதுகளைப் பொத்தினான். சர்ர். தன் காதுகளை யார் பொத்துவது. டக்.

விடியும்போது அவள் கைகள் அவன் முகத்தைத் தடவித் தேடின.

வெள்ளிக்கிழமை காலை. அடுப்பைப் பற்றவைத்தான். புத்தகத்தை எடுத்தான். பிரிக்காமல் அப்படியே போட்டுவிட வேண்டும் என்று முடிவு செய்திருந்தான். பிரித்தான்.

நான்காம் கட்டத்தில் கண்கள். அவனைப் பார்த்துக்கொண்டிருந்தன. ஐந்தாம் கட்டத்தில் எல்லாம் சேர்ந்து முழு முகம். நெற்றியில் விழும் அந்த ஒரு முடி. சிரிக்கப்போகும் நேரத்தில் ஜெயபாய் எப்படி இருப்பாளோ அப்படி. எந்த ஓவியனும் இத்தனை சரியாகப் போட்டதில்லை. வானொலியில் பாட்டுக் கேட்டுத் திரும்பிப் பார்ப்பாளே, அந்த முகம். இப்போது உலகத்தில் அது இருந்த ஒரே இடம் அந்தக் கட்டம்.

நெருப்புக்கு மேலே பிடித்தான். தாளின் ஓரம் லேசாகச் சுருண்டது. அவள் கன்னத்துக்குப் பக்கத்தில் பழுப்பு ஏறியது.

இழுத்துவிட்டான். கையால் அடித்து அணைத்தான். உள்ளங்கை எரிந்தது. ஓரத்தை ஊதி ஊதி ஆற்றினான். கெட்டுவிட்டதா. கன்னம் கெட்டுவிட்டதா. இல்லை. இருந்தாள்.

ஆறாம் கட்டம் காலியாக இருந்தது. அது நிறைய எத்தனை நாளாகும் என்று கோதைநாயகியிடம் கேட்கவில்லை. மகள் நாற்பது நாள் இருந்தாள் என்று மட்டும்தான் சொன்னாள். அதில் எத்தனை நாளைக் கழிப்பது.

பதினோரு மணி இருக்கும். பின் அறையிலிருந்து ஒரு கிறீச்சொலி. பலப்பம் சிலேட்டில் அழுந்தும் ஒலி. போனான். ஜெயபாய் கட்டிலில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்தின் மேல் எழுத்து விழுந்திருந்தது. வரி சரிந்து சட்டத்தைத் தாண்டி, மடியில் புடவை மேலும் ஓடியிருந்தது. மூன்று தடவை படித்த பிறகுதான் புரிந்தது.

பசிக்குது.

அவன் சமையல் செய்து பழக்கமில்லாதவன். அரிசியைக் குழைய வடித்தான். முந்தின நாள் ரசத்தைச் சூடு பண்ணினான். தட்டில் போட்டு, கரண்டியால் மசித்தான். அவள் கையைப் பிடித்துக் கூட்டி வந்து சமையலறைத் தரையில் உட்கார வைத்தான். தட்டு எங்கே என்று கையை வைத்துக் காட்டினான். அவள் தலை நன்றி சொல்வது போல லேசாகச் சாய்ந்தது.

முகம் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. மேலே வகிடு. கீழே கழுத்து. நடுவில் இன்னும் அச்சேறாத தாள் போல ஒரு வெளுப்பு. மூக்கு இருந்த மேட்டில் ஓரிடம் மட்டும் மூச்சுக்கு மெல்ல உள்ளடங்கி எழுந்தது.

ஜெயபாய் சோற்றைப் பிசைந்தாள். எப்போதும் போல மூன்று விரலால் அளவாக உருட்டினாள். மேலே கொண்டுபோனாள். அழுத்தினாள். சோறு சிதறி மடியில் விழுந்தது. விரல்கள் அந்த வெளுப்பின் மேல் இடமும் வலமுமாகத் தேடின. இங்கேயா. இங்கே இல்லை. கொஞ்சம் கீழே. இல்லை.

எலியேசர் எதிரே உட்கார்ந்திருந்தான். ரசம் அவள் கழுத்து வழியாக இறங்கி ரவிக்கையை நனைத்தது. துடைக்கக்கூட அவனுக்குக் கை வரவில்லை.

அவள் மடியில் விழுந்த பருக்கைகளை ஒவ்வொன்றாகத் தடவி எடுத்துத் தட்டில் போட்டாள். மறுபடி பிசைந்தாள். அடுத்த கவளத்தை முன்னதைவிடச் சிறியதாக உருட்டினாள்.